வக்கீல் வீடு ரிவர்ஸில்

என் பழைய சட்டைகளில் நான்கின் காலரை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் இரண்டு புள்ளியும் குறுக்கே ஒரு கோடும் கருப்பாகத் தெரியும். சட்டை வெளுத்துவிட்டது, காலர் பிய்ந்துவிட்டது, அந்தக் கோடு மட்டும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. அதைப் போட்டவர் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்கு அடுத்த வாசல்காரர். தமிழ் பேசுகிற நாங்கள் அவரை அக்கா என்றோம், மலையாளிகள் சேச்சி என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் வேனின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்கிற தைரியம் போலீஸ்காரர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கம்பெனியில் கிளார்க் வேலைக்காகப் போனவன். அக்காவின் வீட்டுக்காரர்களோ நாலைந்து தலைமுறைக்கு முன்பே துணி வெளுக்க வந்து அங்கேயே ஊன்றிப்போனவர்கள். என்னைத் தெருவில் அறிமுகப்படுத்தும்போது, "சார் தமிழ்நாட்டுக்காரர்" என்பார். "அப்போ நீங்க யாருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "நாங்க கொச்சிக்காரங்க. பேச்சு மட்டும்தான் தமிழு" என்றார். உண்மைதான். தமிழ் எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. மலையாளப் பேப்பரைத்தான் காலையில் ஒரு வரி விடாமல் வாசிப்பார், வாசித்து முடித்ததும் அதில் வந்த யாரையாவது அரைமணி நேரம் திட்டுவார்.

ஒரு பொருள் முடிந்துவிட்டது என்று வேறு யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது. ஒரு தடவை கல்யாணம் கழிந்த வீட்டுக்காரர் ஒருவர் துருக்கறை பட்ட பட்டு வேட்டியைக் கொண்டுவந்து காட்டி, "இது இனிப் போகாது, தூரப் போட்டுடுங்க" என்றார். அக்கா வேட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "தூரப் போடச் சொல்ல நீங்க ஆரு? துணிதான் உங்களோடது. கறை என்னோடதாக்கும்." அதற்கப்புறம் பதினொரு நாள் அந்த வேட்டி எலுமிச்சையும் உப்பும் வெயிலுமாகக் கிடந்தது. கறை போயிற்று. வேட்டிக்காரர் அதற்குள் வேறு வாங்கிவிட்டார். வேண்டாம் என்றவரை விடாமல், அங்கேயே பேன்ட்டுக்கு மேலே கட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு. ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் பயமும் வந்தது.

வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் அவர் துணி உலர்த்துவதைப் போட்டோ எடுப்பார்கள். அங்கே கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகுவார்கள், எந்தக் காற்றுக்கும் அசையாது. சுற்றுலாக்காரர்கள் ஒரு படம் எடுத்தால் அக்கா தன் போனை எடுத்து அவர்களை இரண்டு படம் எடுப்பார். "என்னத்துக்குக்கா?" என்றால், "அவங்க என்னத்துக்கோ அதுக்குத்தான்" என்பார்.

அவர் கணவர் துவைப்பார், அக்கா வண்டி ஓட்டுவார். வீட்டு ஏற்பாடு அதுதான். கணவர் பேசி நான் கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வண்டி ஒரு பழைய டீசல் வேன். முன்பு ஏதோ பேக்கரியில் ரொட்டி சுமந்தது. பெயிண்ட் இரண்டு முறை அடித்தும் அடியிலிருந்து 'பிரெட்' என்ற மலையாள எழுத்து தெரிந்துகொண்டேயிருக்கும். மட்டாஞ்சேரிச் சந்துகளில் எதிரே கார் வந்தால் அக்கா ஒரு அடி பின்வாங்க மாட்டார். இஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். எதிராளி ஹார்ன் அடித்து ஓய்ந்து, தானே பின்னால் போவான். தெரு முழுக்க இதை வீம்பு என்றது. பக்கத்துச் சீட்டில் ஒருநாள் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரிவர்ஸ் கியர் நிற்காது, போட்டால் துள்ளி வெளியே வந்துவிடும். வீம்பு பாதி, கியர் பாதி.

நான் அங்கே போன ஏழாவது வருஷம், மழை விட்டிருந்த ஒரு காலையில், பாலம் ஏறும்போது வேன் நின்றது. இஞ்சின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை, ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம். தள்ளிக்கொண்டு போய் ஒர்க்ஷாப்பில் விட்டார்கள். மேஸ்திரி அடியில் புகுந்து, டார்ச் அடித்து, வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"சேச்சீ, கிளட்ச் தீர்ந்நு. கியர்பாக்ஸும் தீர்ந்நு. ஆக்ரிக்குக் கொடுக்கு."

ஆக்ரி என்றால் பழைய இரும்புக் கடை, தீர்ந்நு என்றால் முடிந்துவிட்டது. அக்காவிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஏதாவது உண்டென்றால் அந்த மனிதர் அதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"தீர்ந்நு என்னு பறயான் நீ ஆரா?" முடிந்தது என்று சொல்ல நீ யார் என்று கேட்டுவிட்டு, வேனைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். என் ஸ்கூட்டர் நிற்கிற இடம் அது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வெறும் பிடிவாதத்துக்காக அவர் அப்படிச் செய்யவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாளாயிற்று. வக்கீல் வீடு, டாக்டர் வீடு, பஜாரில் பெரிய லாட்ஜ் என்று வாடிக்கைகள் ஒவ்வொன்றாக மெஷின் சலவைக்குப் போயிருந்தன. என்னைப் போன்ற சில்லறைச் சட்டைக்காரர்களை விட்டால் மீதி இருந்தது ஒரு நர்சிங் ஹோமின் படுக்கை விரிப்புகள். அவர்களும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: வண்டிக்கு ஃபிட்னஸ் பேப்பர் முடிகிற தேதிக்குள் புதுப் பேப்பர் வேண்டும், இல்லையென்றால் மூட்டை கேட்டைத் தாண்டாது. டெஸ்டுக்கு இன்னும் பதினெட்டு நாள். அதுவரை ஆட்டோ பிடித்துத் துணி கொண்டுபோக அனுமதி.

அந்த ஞாயிறே கணவரின் தம்பி எர்ணாகுளத்திலிருந்து ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸோடு வந்துவிட்டார். அவருக்கு அங்கே மூன்று மெஷின் வைத்த சலவைக்கடை. நல்ல மனுஷர்தான், குரல்கூட உயராது.

"அண்ணி, எத்தனை நாளு இப்படி? நர்சிங் ஹோமை எனக்குத் தந்திடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நம்ம கடையில இஸ்திரி மேசை போட்டுத் தர்றேன். ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை."

"மேசை நல்ல மேசையா?"

"நல்ல தேக்கு, அண்ணி."

"அப்ப அதுல நீயே உக்காரு."

தம்பி சிரித்தபடி, "சரி, டெஸ்ட்ல வண்டி தோத்தா வருவீங்கல்லே?" என்றார். அக்கா கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் சிப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோத்தா வர்றோம்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குத் துக்கமாக இருந்தது. சிப்ஸ் நன்றாகவும் இருந்தது.

வேனுக்கு அடியில் அக்காவும் கணவரும் படுத்துக் கழற்றினார்கள். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பெரும்பாலும் தப்பான ஸ்பானர். போனில் யாரோ இந்தியில் பேசிக்கொண்டே இதே மாதிரி வண்டியின் கியர்பாக்ஸை இறக்குகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இந்தி தெரியாது. "கை என்ன செய்யுதுன்னு பாத்தா மதி" என்றார், அது போதுமாம். இறக்குகிற நேரம் வந்தபோது நான் ஆள் கூப்பிடலாம் என்றேன். அக்கா துணிக்கொடிக் கயிற்றை நாலாக மடித்து முறுக்கி, வேனின் தரைப்பலகை ஓட்டை வழியாக விட்டு, கியர்பாக்ஸின் வயிற்றில் சுற்றினார். "நனைஞ்ச பெட்ஷீட் மூட்டையைவிட இது பாரமா?" இருவரும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினார்கள். எனக்கு அதைத் தரையில் நகர்த்தவே மூச்சு வாங்கியது.

திறந்தால், பல் போன கியர் இரண்டு, தேய்ந்த பித்தளை வளையங்கள், கையால் சுற்றினாலே கரகரக்கும் பேரிங். அக்கா எல்லாவற்றையும் டீசலில் ஊறப் போட்டார். எது எதற்கப்புறம் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாதே என்று நான் படித்தவன் புத்தியைக் காட்டினேன். துண்டுக் காகிதங்களில் 'ஒன்றாம் கியர்', 'இரண்டாம் கியர்' என்று அழகாகத் தமிழில் எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் டீசல் அத்தனையையும் தின்றிருந்தது.

"அது இருந்தாலும் எனக்கு வாயிக்கத் தெரியாதே சாரே" என்று சிரித்தார் அக்கா.

அவர் செய்தது வேறு. பழைய விரிப்பு ஒன்றை விரற்கடை அகலத்துக்குக் கிழித்தார். சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தச் சாற்றால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சலவைக்குறி போட்டார். மூன்று புள்ளி, ஒரு கொக்கி, கூட்டல் கோடு, வட்டத்துக்குள் கோடு என்று ஒவ்வொன்றும் ஒருவிதம். எந்தச் சோப்புக்கும் போகாத மசி அது, டீசல் எம்மாத்திரம்? குறியைச் சாமானில் கட்டுவார், வாய்விட்டு ஒரு தடவை சொல்வார், அடுத்ததுக்குப் போவார்.

"டாக்டர் வீடு. இது ரெண்டாம் கியர். ரெண்டு புள்ளி, ரெண்டு கொக்கி, அதுக்கப்புறம் வர்ற வளையம் பேங்க் மேனேஜர்."

"என்னக்கா சொல்றீங்க?"

"போனவங்க குறி சும்மாத்தானே கெடக்கு."

அப்போதுதான் விளங்கியது. ஒரு வீட்டுக் குறியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆள் போனாலும் குறி அப்படியே காத்திருக்கும். அவரை விட்டுப்போன வீடுகள் இருபத்தாறு. வேலையில்லாமல் மனதில் கிடந்த அந்தக் குறிகளை அக்கா ஒவ்வொன்றாகக் கியர்பாக்ஸில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டுக்கொண்டு போன வக்கீல் வீட்டுக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டேன்.

"வக்கீல் வீடு ரிவர்ஸ்ல. சொன்ன பேச்சுல நிக்காத கியர்தானே அது."

போன கியர்களுக்குப் பதில் கியர்கள் ஆலுவாவில் ஒரு ஆக்ரிக் கடையில் கிடைத்தன. இதே மாதிரி செத்த வேன் ஒன்று அங்கே கிடந்தது. "நம்மளை அனுப்பச் சொன்ன எடத்துல இருந்தே சாமான் எடுத்துட்டு வந்துட்டேன் பாத்தீங்களா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒர்க்ஷாப் மேஸ்திரி மாலைகளில் சாயா கிளாஸோடு எங்கள் கேட்டருகே வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், போகவும் மாட்டார்.

தப்பு நடந்தது கிளட்ச் பிளேட்டில். அதைச் செய்தவன் நான். கிளட்ச் பிளேட் என்பது இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற வட்டத் தகடு. காலால் மிதித்தால் இரண்டையும் பிரித்துவைக்கும், விட்டால் சேர்க்கும். அதில் ஒரு முகம் இஞ்சினைப் பார்க்க வேண்டும், மறுமுகம் கியர்பாக்ஸை. அதைக் கழற்றியபோது அக்கா ஆட்டோவில் நர்சிங் ஹோம் போயிருந்தார். புது லைனிங் வைத்து ரிவெட் அடிக்க எர்ணாகுளம் அனுப்ப வேண்டிய தகடு, துணிக்குறி தாங்காது. ஆணியால் தகட்டிலேயே கீறிவிடலாம் என்று நான் சொன்னேன், கணவர் தலையாட்டினார். லாட்ஜின் குறி பாக்கியிருந்தது. வட்டம், நடுவில் புள்ளி. எனக்கு எதிரே தெரிந்த முகத்தில், அதாவது வெளிப்பக்கம், கியர்பாக்ஸைப் பார்த்த முகத்தில், அழகாகக் கீறி வைத்தேன். எனக்கு அதில் பெருமைகூட.

தகடு திரும்பி வந்தது. அக்கா மாட்டினார். கியர்பாக்ஸைத் தூக்கி ஏற்றினோம். டெஸ்ட் திங்கட்கிழமை, அன்று வியாழன். கணவர் தேங்காய் உடைத்தார். அக்கா ஏறி ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் இதமாக ஓடியது. கிளட்சை மிதித்து ஒன்றாம் கியர் போட்டார். எலும்பு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னும் அழுத்தினார். கியர் விழுந்தது, விழுந்த அதே நொடி, கிளட்சை மிதித்தபடியே, வேன் முன்னால் பாய்ந்து கஞ்சி டிரம்மைச் சாய்த்துவிட்டு நின்றது. சேலைகளுக்குப் போட வைத்த கஞ்சி முழுவதும் முற்றத்தில் ஓடி என் ஸ்கூட்டரின் அடியில் தேங்கியது. கேட்டருகே மேஸ்திரி, "ஞான் அன்னே பறஞ்ஞதா" என்று, அன்றைக்கே சொன்னதை நினைவூட்டிவிட்டு, சாயாவைக் குடித்தார்.

அக்கா இறங்கவில்லை. கணவர் கஞ்சிக்குள் வெறுங்காலோடு நின்று, "தம்பிக்கு போன் பண்ணட்டா?" என்று கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது.

"பண்ணுங்க. திங்கக்கிழமை சாயங்காலம் பண்ணுங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "சாரே, பிளேட்டுல குறி போட்டது ஆரு?"

"நான்தான்."

"எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம்."

அக்கா வண்டியிலிருந்து இறங்கினார். "சலவைக்குறி உள்பக்கமில்லே போடணும்? வெளிய தெரியற மாதிரி எந்த வண்ணானாவது போடுவானா? குறியைப் பாத்தேன், உள்ள வச்சேன். கை தானா வச்சுது. ஏழு வருஷமா என்ட கையில சட்டை தர்றீங்க. அதுல எந்தப் பக்கம் குறி இருக்குன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. அன்றைக்கு அவமானத்தில் என் காது சுட்டது. எனக்கு வந்து சேர்கிற சட்டைக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்பதையே நான் நினைத்ததில்லை. ஏழு வருஷம் மடிப்பைத்தான் பார்த்தேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் பின்னால. ஸ்பானர் எடுங்க."

வெள்ளி, சனி இரண்டு நாளும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்த முறை வேனுக்கு அடியில் படுத்தவன் நானும்தான். முதுகில் கஞ்சி ஒட்டியது, வாயில் கிரீஸ் விழுந்தது, என் கைமேல் ஜாக்கி ஒரு தடவை நழுவப் பார்த்தது. அக்கா ஒரு தடவைகூட என்னைப் பாவம் என்று எழுந்திருக்கச் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். தகட்டைத் திருப்பினோம். ஞாயிறு மதியம் வேன் கிளட்சை மிதித்தால் நின்றது, விட்டால் போனது. மேஸ்திரி அன்று சாயா குடிக்க வரவில்லை.

டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் இளைஞர். வேனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து, வேலை எங்கே செய்தது என்று கேட்டார். "வீட்டில்." யார் செய்தது? "ஞான்." அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்த மண்மேட்டைக் காட்டி, பின்பக்கமாக ஏற்றச் சொன்னார்.

அந்த மேட்டருகே நின்று நான் கும்பிடாத சாமியில்லை. அக்கா வேனைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டு, கையைக் கியர் தண்டிலிருந்து எடுத்துவிட்டார். வேண்டுமென்றே எடுத்தார், எனக்குத் தெரியும். வேன் மெதுவாகப் பின்னால் ஏறி மேட்டின் உச்சியில் நின்றது. கியர் துள்ளவேயில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கிக் குனிந்து பார்த்தார். கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில், ஒரு நட்டில், நாங்கள் அவிழ்க்க மறந்த வெள்ளைத் துணித்துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இதெந்தா?"

"அது வக்கீலின்டெ வீடு" என்றார் அக்கா.

அவருக்கு என்ன புரிந்ததோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அக்காவே தம்பிக்குப் போன் செய்து, "மேசையை வேற ஆருக்காவது குடு" என்றார். கணவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாலைந்து மாதம் கழித்து லாட்ஜ்காரர் வந்தார். மெஷின் சலவையில் விரிப்பெல்லாம் கிழிந்து, வேறு லாட்ஜின் தலையணை உறையெல்லாம் வருகிறதாம். பழையதை மறந்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நயமாகக் கேட்டார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க குறி கிளட்ச் பிளேட்டுல கெடக்கு. அதை எடுக்கணும்னா கியர்பாக்ஸை எறக்கணும். எறக்கட்டா?" லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். "புதுக்குறி போட்டுத் தர்றேன். வரிசையில கடைசி. என் சார்மாருக்கெல்லாம் முடிச்சிட்டுத்தான் உங்களுக்கு." லாட்ஜ்காரர் சரி என்றார். வேறென்ன சொல்வார்?

பிறகு எனக்கு ஆலுவாவுக்கு வேலை மாறியது. சாமான் ஏற்றுகிற அன்று அக்கா கடைசி நாலு சட்டையை மடித்துக் கொடுத்தார், கண்ணைத் துடைக்கிற வேலையெல்லாம் இல்லை. என் குறி என்னாகும் என்று நானும் கேட்கவில்லை. இங்கே வீட்டிலேயே மெஷின் இருக்கிறது. சட்டை சுத்தமாகத்தான் வருகிறது, காலரில் ஒன்றும் இருக்காது.

போன மாதம் போன் செய்தேன். பின்னால் வேனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த டெஸ்டுக்கு பிரேக் வேலை நடக்கிறதாம், இதுவும் வீட்டில்தான். பேசிவிட்டு, ஒரு ஆசையில், மட்டாஞ்சேரி வரும்போது இரண்டு சட்டை கொண்டுவரட்டுமா, என் குறி இருக்கிறதல்லவா என்று கேட்டேன்.

"ரெண்டு புள்ளி, ஒரு கோடா? அது பின் பிரேக்குல இருக்கு சாரே" என்றார் அக்கா. "கொண்டாங்க, புதுசு போட்டுத் தர்றேன். பிரேக்குல உள்பக்கம்தான் போட்டிருக்கு, பயப்படாதீங்க, பேடிக்கண்டா."